மழையில் சட்டையின்றி நிற்கும் சவேரியார் கோயில் சுவர்

பழைய கோவாவில் ஒரே சாலையின் இரு பக்கங்களிலும் இரண்டு பெரிய தேவாலயங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. ஒன்று வெள்ளை, மற்றொன்று சிவப்பு. வெள்ளையாக இருப்பது 'சே' பேராலயம். சிவப்பாக இருப்பது போம் ஜீசஸ் பசிலிக்கா. புனித சவேரியாரின் திருவுடல் வைக்கப்பட்டிருப்பது இந்தச் சிவப்புக் கோயிலில்தான்.

கோவாவுக்குப் போகும் தமிழர்கள் பசிலிக்காவைப் பார்க்காமல் திரும்புவதில்லை. "எவ்வளவு பழமை! கல்லைப் பார்த்தாலே தெரிகிறதே!" என்று வியக்காதவர்களும் இல்லை. அந்தச் சிவப்புச் சுவரின் முன்னே குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டுதான் பலரும் ஊர் திரும்புகிறார்கள்.

ஆனால் அந்தச் சிவப்பு, கோயிலைக் கட்டியவர்கள் கொடுத்த நிறமல்ல. எதிரே நிற்கும் பேராலயத்தைப் போலவே இதன் சுவர்களும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டிருந்தவைதான். 1950-களின் தொடக்கத்தில் அந்தப் பூச்சு உரித்து எடுக்கப்பட்டது. அன்று முதல் எழுபதுக்கு மேற்பட்ட மழைக்காலங்களை அந்தச் சுவர் வெறும் மேனியோடு தாங்கி வருகிறது. பார்க்கிறவர்கள் பழமை என்று மகிழ்வது, உண்மையில் உரிந்த தோல்.

அந்தச் சுவரை அப்படியே விடுவதா, மீண்டும் பூசுவதா? கோவாவில் பல ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் இது. கோவாவுக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. ஒரு பழைய சுவரைக் 'காப்பது' என்றால் என்ன என்ற கேள்வியே இதில் அடங்கியிருக்கிறது.

வசாயிலிருந்து போன கல்

பசிலிக்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 1594 நவம்பர் 24-ஆம் நாள். அர்ச்சிப்பு நடந்தது 1605 மே 15-ஆம் நாள். கட்டியவர்கள் இயேசு சபையினர். சவேரியாரின் திருவுடல் இங்கே கொண்டுவரப்பட்டது அதற்குப் பிறகு, 1624-இல். 1946-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இக்கோயிலைப் பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார்.

சுவர்கள் செம்புறாங்கல்லால் ஆனவை. தூண்களுக்கும் செதுக்கு வேலைகளுக்கும் மட்டும் பசால்ட் என்னும் கருங்கல்லைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருங்கல் வசாயிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஆம், மும்பையில் விரார் லோக்கலில் போய் வருகிறவர்கள் அன்றாடம் கடந்து செல்லும் அதே வசாய்தான்! 1534 முதல் 1739-இல் மராட்டியரிடம் இழக்கும் வரை வசாய் போர்த்துகீசியர் வசமிருந்தது. அங்கே கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் தேவாலயங்களும் அந்தக் காலத்தவையே.

கடினமான கல்லைத் தொலைவிலிருந்து வரவழைத்தவர்கள், உள்ளூரில் மலிவாகக் கிடைத்த மிருதுவான கல்லைச் சுவருக்குப் பயன்படுத்தினார்கள். அதன் பலவீனமும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதன் மேல் காரை பூசினார்கள்.

வெட்டுக்கல்லின் குணம்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கும் கேரளத்தில் வேலை பார்த்தவர்களுக்கும் இந்தக் கல்லைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர்கள் இதை வெட்டுக்கல் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'லேட்டரைட்' என்று பெயர். அந்தப் பெயர் பிறந்ததும் நமக்கு அண்மையில்தான். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால ஆய்வாளர் கேரளத்தின் அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்டு, 1807-இல் வெளியான தமது நூலில் அந்தப் பெயரைச் சூட்டினார். லத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. பூமியிலிருந்து எடுக்கும்போதே செங்கல்லைப் போல வெட்டி எடுக்கலாம் என்பதால் பொருத்தமான பெயர்தான்.

புதிதாக வெட்டும்போது இந்தக் கல் மெத்தென்று இருக்கும். காற்றுப் பட்டால் இறுகும். கட்டுவதற்கு இதைவிட வசதியான கல் இல்லை. ஆனால் இதன் உடம்பு முழுவதும் துளைகள். இரும்புச் சத்து இறுகிய பகுதி கெட்டியாக நிற்கும். இடையிடையே களிமண் போன்ற மெல்லிய பகுதிகளும் இருக்கும். மழைநீர் உள்ளே புகுந்தால் அந்த மெல்லிய பகுதிகள் கரைந்து வெளியேறும். முதலில் ஊசித்துளை, பிறகு விரல் நுழையும் குழி, பிறகு பொந்து. பொந்தில் பாசி பிடிக்கும். பறவை போட்ட விதை முளைக்கும். வேர் கல்லைப் பிளக்கும்.

கோவாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தூத்துக்குடியில் ஓராண்டில் பெய்யும் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல்! அதிலும் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையான நான்கே மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. கடற்காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும் மழை அது. கூரை நன்றாக இருந்தாலும் சுவர் தப்ப முடியாது.

இத்தகைய மழைக்குச் சுவருக்குத் தேவையானது ஒரு சட்டை. அந்தச் சட்டைதான் சுண்ணாம்புக் காரை. அது மழையை முதலில் தான் வாங்கிக்கொள்ளும். உள்ளே புகுந்த ஈரத்தை வெயில் காலத்தில் வெளியே விட்டுவிடும். சில ஆண்டுகளில் தானே தேய்ந்துபோகும். தேய்வதற்காகவே பூசப்படுவது அது. காரை தேய்ந்தால் மீண்டும் பூசலாம். கல் தேய்ந்தால் எதைப் பூசுவது?

பூச்சு போன கதை

அப்படியிருக்க, பூச்சை ஏன் எடுத்தார்கள்? கோவா அப்போது போர்த்துகீசிய ஆட்சியில் இருந்தது. 1952-ஆம் ஆண்டு சவேரியார் மறைந்த நானூறாவது ஆண்டு. அதையொட்டிய காலத்தில் பழைய கோவாவின் சின்னங்களைச் சீர்செய்யும் பொறுப்பு பல்தசார் காஸ்ட்ரோ என்ற போர்த்துகீசியக் கட்டடக் கலைஞரிடம் இருந்தது. பசிலிக்காவின் வெளிப்பூச்சு அகற்றப்பட்டது அவருடைய மேற்பார்வையில்தான்.

அந்த நாட்களில் போர்த்துகல் நாட்டிலேயே அப்படியொரு போக்கு இருந்தது. பழைய கோயில்கள், கோட்டைகள் ஆகியவற்றின் மேல் பிற்காலத்தில் சேர்ந்தவற்றையெல்லாம் அகற்றி, அடியில் உள்ள கல்லை வெளியே காட்டினால்தான் கட்டடத்தின் தொன்மையும் நாட்டின் பெருமையும் விளங்கும் என்று அரசு கருதியது. போர்த்துகலின் வட பகுதியில் கிடைப்பது உறுதியான கிரானைட் கல். அந்தக் கல் அதைத் தாங்கிக்கொண்டது. அதே வைத்தியத்தைப் பருவமழை நாட்டில், துளை விழுந்த வெட்டுக்கல்லுக்குச் செய்ததுதான் விபரீதமாயிற்று. கட்டியவர்கள் மறைக்கத் தகுந்தது என்று எண்ணி மூடியதைப் பின்னால் வந்தவர்கள் அழகு என்று எண்ணித் திறந்துவிட்டார்கள்.

1961 டிசம்பர் 19-இல் கோவா விடுதலையடைந்தது. பழைய கோவாவின் தேவாலயங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் வந்தன. 1986-இல் 'கோவாவின் தேவாலயங்களும் மடங்களும்' என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றன. அதற்குள் பசிலிக்கா சிவந்த கோலத்துக்கு மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. உலகம் பார்த்துப் பாராட்டியது சட்டை உரிந்த கோயிலைத்தான்.

தமிழரின் உறவு

இந்தச் சுவரின் கதை தமிழர்களுக்கு அந்நியமானதல்ல. சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்திறங்கினார். அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டு, தூத்துக்குடி முதல் குமரி வரையிலான கடற்கரை ஊர்களில் பணியாற்றினார். மொழி தெரிந்தவர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழில் அமைத்து மக்களுக்குக் கற்பித்தார். மணப்பாட்டுக் குகையையும் நாகர்கோவில் கோட்டாற்றுக் கோயிலையும் இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே மக்கள் சொல்கிறார்கள். அவர் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையோரத் தீவொன்றில் மறைந்தார். 1554-இல் அவருடைய உடல் கோவா வந்து சேர்ந்தது.

பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தத் திருவுடல் பசிலிக்காவிலிருந்து எதிரேயுள்ள பேராலயத்துக்குப் பவனியாக எடுத்துச் செல்லப்பட்டு, மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. கடைசியாக இது நடந்தது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை. சிவப்புக் கோயிலிலிருந்து வெள்ளைக் கோயிலுக்குப் போகும் அந்தச் சிறு தூரத்தில், ஒரே வகைக் கல்லால் ஆன இரண்டு சுவர்களின் கதையும் அடங்கியிருக்கிறது.

இன்னோர் உறவும் உண்டு. தமிழ் நூல் அச்சிட எழுத்து வார்த்த வேலை 1577-இல் கோவாவில் நடந்தது. அடுத்த ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலில் அந்தக் கோவா எழுத்துகளும் காட்டப்பட்டிருக்கின்றன. கோவாவில் சவேரியார் தங்கியிருந்த இடமான புனித பவுல் கல்லூரியில்தான் 1556-இல் இந்தியாவின் முதல் அச்சுக்கூடம் அமைந்தது. அந்தப் பெரிய கல்லூரியில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாயிற்சுவர். செம்புறாங்கல்லும் கருங்கல் தூண்களும் கொண்ட ஒரு வளைவு. அதுவும் பாதுகாக்கப்பட்ட சின்னமே. ஒற்றைச் சுவராயிற்றே என்று தொல்லியல் துறை அதை ஒதுக்கிவிடவில்லை.

சட்டம் சொல்வது

1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 3,700 சின்னங்கள் மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ளன. ஒரு கட்டடம் இந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டால் அதை இடிக்கவோ, மாற்றவோ, அதன் மேல் கிறுக்கவோ கூடாது. 2010-இல் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. சின்னத்துக்குச் சேதம் விளைவிப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2021-இல் பழைய கோவாவின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் எழுந்த ஒரு கட்டடத்தை எதிர்த்து மக்கள் திரண்டு போராடியதற்கு இந்தச் சட்டமே துணை நின்றது.

பசிலிக்காவில் வழிபாடு நடத்துவது திருச்சபை. கட்டடத்தைப் பராமரிப்பது தொல்லியல் துறை. கூரையில் ஓர் ஓடு மாற்றுவதானாலும் துறையின் கை வேண்டும். 2020-இல் மழைக்காலம் நெருங்கிய வேளையில் கூரைப் பணி தாமதமாவது பற்றிப் பசிலிக்காவின் பொறுப்புக் குரு பகிரங்கமாகவே கவலை தெரிவித்தார். காவல் ஓரிடத்திலும் கவலை வேறோரிடத்திலும் இருப்பதால் வரும் சங்கடம் இது.

மனிதனின் கை சுவரைத் தொடாமல் தடுக்க இந்தச் சட்டத்தால் முடியும். மழையின் கையைத் தடுக்க முடியாது. 'மாற்றாதே' என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சுவரோ ஒவ்வொரு மழைக்கும் தானே மாறிக்கொண்டிருக்கிறது.

பூசலாமா, கூடாதா?

மீண்டும் காரை பூச வேண்டும் என்பவர்களின் வாதம் எளிது. கட்டியவர்கள் பூசினார்கள், முந்நூற்றைம்பது ஆண்டுகள் சுவர் நின்றது. பூச்சை எடுத்த பிறகு கல் குழிவிழத் தொடங்கியது. எதிரே பூச்சோடு நிற்கும் பேராலயமே சாட்சி. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும் என்கிறார்கள் அவர்கள்.

கூடாது என்பவர்களையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இரண்டு மூன்று தலைமுறைகள் இந்தக் கோயிலைச் சிவப்பாகவே கண்டு வளர்ந்திருக்கின்றன. தபால் அட்டையிலும் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்திலும் இருப்பது சிவப்புக் கோயில். கோவாக்காரர்களின் மனத்தில் பதிந்த முகம் அது. ஒரு கட்டடத்துக்குப் பல காலங்களும் சேர்த்த மாற்றங்களை மதிக்க வேண்டும் என்று பழஞ்சின்னங்களைக் காப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் கூறுகிறது. 1950-களில் நடந்ததும் இன்று வரலாறுதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். தவறான கலவையைப் பூசினால் இருப்பதும் கெடும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு.

இந்த அச்சம் நியாயமானது. எந்தப் பூச்சு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சிமெண்டு பூசினால் சுவர் கெட்டியாகும் என்று நினைப்பது தவறு. கூரை வழியாகவோ தரையிலிருந்தோ சுவருக்குள் ஏறும் ஈரத்தைச் சிமெண்டு வெளியே விடாது. அடைபட்ட ஈரம் உப்பைச் சேர்த்துக்கொண்டு கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். கடைசியில் சிமெண்டுப் பாளம் கழன்று விழும்போது கல்லின் மேற்பரப்பையும் பெயர்த்துக்கொண்டு விழும். வெட்டுக்கல்லுக்கு ஏற்றது அதைவிட மிருதுவான, மூச்சுவிடும் சுண்ணாம்புக் காரைதான்.

அது அவசர வேலையல்ல. சுண்ணாம்பை நீற்றி, ஊறப் போட்டு, அரைத்து, பக்குவம் பார்த்துப் பூச வேண்டும். கோவாவில் சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். தமிழகக் கடலோரத்திலும் கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்ததே. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை இழைத்த கொத்தனார்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்கள் அவர்கள் கைவண்ணம். சிமெண்டு மூட்டை வந்த பிறகு அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். மும்பையிலும் கோவாவிலும் கட்டட வேலை பார்க்கும் தமிழ் மேஸ்திரிகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் முதியவர்களுக்கு இந்த வேலை நினைவிருக்கக்கூடும். பழஞ்சுவர்களைக் காக்கச் சட்டமும் பணமும் மட்டும் போதாது. காரை இழைக்கத் தெரிந்த கைகளும் வேண்டும்.

விழுந்த சுவரின் பாடம்

பசிலிக்காவிலிருந்து சற்று நடந்து மேடேறினால் புனித அகுஸ்தீன் கோயிலின் இடிபாடுகள் இருக்கின்றன. 1602-இல் கட்டப்பட்ட பெரும் கோயில் அது. 1835-இல் துறவிகள் வெளியேற்றப்பட்டு, கவனிப்பாரற்றுப் போயிற்று. 1842-இல் வளைகூரை இடிந்து விழுந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் சரிந்தன. எஞ்சியிருப்பது 46 மீட்டர் உயரமுள்ள ஒற்றைக் கோபுரத்தின் ஒரு பகுதி. அங்கே ஒலித்த மணி இன்று பணஜி அமலோற்பவ மாதா கோயிலில் ஒலிக்கிறது. ஒரு கோயில் கைவிடப்பட்டால் ஏழே ஆண்டுகளில் கூரை போய்விடும் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தேவையில்லை.

ஆனால் அந்த இடிபாட்டையும் கல் குவியல்தானே என்று விட்டுவிடாமல் தொல்லியல் துறை காத்தது, முறையாகத் தோண்டியது. அதன் பயனாக ஓர் அரிய பொருள் கிடைத்தது. 1624-இல் பாரசீகத்தில் கொல்லப்பட்ட ஜார்ஜியா நாட்டு அரசி கெத்தேவானின் எலும்பு அது. அகுஸ்தீன் துறவிகள் அதைக் கோவாவுக்குக் கொண்டுவந்து இந்தக் கோயிலில் வைத்திருந்தார்கள். ஐதராபாத்தில் உள்ள ஆய்வகத்தில் மரபணுச் சோதனை நடத்தி உறுதி செய்யப்பட்ட பிறகு, 2021-இல் இந்திய அரசு அதை ஜார்ஜியாவுக்கு வழங்கியது. தங்கள் அரசியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு நாட்டுக்கு விடை சொன்னது கோவாவின் பாழடைந்த சுவர்! வீடு கட்ட நல்ல கல் என்று யாராவது அள்ளிப் போயிருந்தால் அந்த விடையும் போயிருக்கும்.

போகிறவர்கள் கவனிக்க

மும்பையிலிருந்து கொங்கண் ரயிலில் போகிறவர்களுக்குப் பழைய கோவாவுக்கு அருகிலுள்ள ஸ்டேஷன் கர்மாலி. பசிலிக்கா, பேராலயம், அகுஸ்தீன் கோபுரம் மூன்றையும் ஒரே நாளில் நடந்தே பார்த்துவிடலாம். பசிலிக்காவின் சுவரைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். தொட்டுத் தேய்க்க வேண்டாம். வெட்டுக்கல் விரல் பட்டாலும் பொடியாக உதிரக் கூடியது. பெயர் கீறுவது சட்டப்படிக் குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்பது நல்லது. பிறகு சாலையைக் கடந்து போய்ப் பேராலயத்தின் வெள்ளைச் சுவரையும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால், எந்தப் புத்தகமும் இல்லாமலே உண்மை விளங்கும்.

பூசுவதா வேண்டாமா என்பதை வல்லுநர்களும் திருச்சபையும் துறையும் கோவா மக்களும் கூடித்தான் முடிவு செய்ய வேண்டும். சிறிய பகுதியில் காரை பூசிச் சில மழைக்காலம் பார்த்துவிட்டுப் பிறகு முழுவதும் செய்யலாம். பூச வேண்டாம் என்றால், சுவரைக் காக்க வேறு என்ன வழி என்பதையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் தவறாமல் வருகிறது; வரும்போதெல்லாம் அந்தச் சுவரிலிருந்து கொஞ்சம் சிவப்பு மண்ணைக் கரைத்து எடுத்துக்கொண்டுதான் போகிறது.